வாசலைப் பார்க்கும் இயந்திரக் கை

வெயில் சன்னல் வழியே இறங்கிச் சோதனைக்கூடத்து மேசையில் சாய்ந்து கிடக்கிறது. அதன் நடுவே புது இயந்திரக் கை, துலக்கி வைத்த பாத்திரம் போல மினுமினுக்கிறது. மண் மாதிரியில் கரைப்பானை ஊற்றிக் குலுக்கி வைப்பது இனி அதன் வேலை. இத்தனை வருஷமாகக் குலுக்கி வந்த ஆய்வாளர் அம்மாதான் நேற்று அதைப் பிடித்து நடத்தி ஒருமுறை செய்து காட்டினார். காட்டியதை அச்சு அசலாகத் திருப்பிச் செய்யுமாம். மேலாளர் அவர் பக்கத்தில் வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். அம்மா பொத்தானை அமுக்குகிறார். கை முனகிக்கொண்டே பாட்டிலை எடுத்துக் குலுக்குகிறது. உள்ளே மண் கலங்கிச் சுழல்கிறது. சட்டென்று நிறுத்தி, பாட்டிலும் கையுமாக உயர்ந்து, இல்லாத மூக்கின் மேல் இல்லாத கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறது. மேலாளர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அம்மாவும் சிரிக்கிறார். நேற்று அதன் பிறகு தான் என்ன செய்தோம் என்பது நினைவுக்கு வந்ததும் அவருடைய சிரிப்பு பாதியில் நிற்கிறது. கை மெல்ல வாசல் பக்கம் திரும்புகிறது. எட்டிப் பார்ப்பது போலக் கொஞ்சம் தயங்குகிறது. பிறகு அப்பாடா என்று பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு ஓய்ந்து நிற்கிறது.

"என்னம்மா இது? அஞ்சு நிமிஷம் குலுக்கணுமே, அரை நிமிஷத்துல வச்சிடுச்சு!"

அம்மா தன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறார்.

"அது உங்கள வாசல்லதான் தேடிச்சு சார். நீங்க இங்க நிக்கிறது அதுக்குத் தெரியாதே."