மரியாதை

குற்றாலத்திலிருந்து தென்காசிக்குப் போகும் பஸ்ஸில் சத்யபிரியா தன் முதலாளியின் வாழ்க்கை வரலாற்றைப் படித்துக்கொண்டு போனாள். மனிதர் போன வருஷம்தான் காலமானார். உள்ளூரிலேயே கம்ப்யூட்டர் கம்பெனி வைத்து எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். அதே பிள்ளைகளைச் சட்டென்று வீட்டுக்கு அனுப்பியவரும் அவர்தான். வேண்டியவர்களை ‘ஏலே’, ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிடுவாராம். ‘வாங்க, உக்காருங்க’ என்று மரியாதை கொடுத்துவிட்டால், அந்த ஆளுக்கு அதோடு அங்கே இடமில்லையாம்.

ஆபீஸுக்குள் நுழைந்ததும் மேஜைப் போன் அடித்தது. எடுத்தாள்.

“வாங்க சத்யபிரியா, உக்காருங்க” என்றது அவர் குரல்.

பிள்ளை போனைப் பட்டென்று வைத்தாள். பக்கத்து சீட் குழல்வாய்மொழியிடம் சொன்னாள்.

“செத்தவரு போன் போடுதாராக்கும்? கிறுக்கி, சோலியப் பாருட்டி!” என்று அவள் சிரித்தாள்.

அந்த ‘ட்டி’யில் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனாலும் சாயங்காலம் வரை மானேஜர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

வேலை தப்பித்தது என்ற நிம்மதியில் அம்மாவுக்கு மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள், பாவம். சத்தம் கேட்டு அம்மா ஆவுடைத்தாய் வாசலுக்கு வந்தாள். மகளைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். விருந்தாளிகளுக்குப் போடும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“வாங்கம்மா” என்றாள். “யாரைத் தேடுதீங்க?”