இரண்டு நாள் பட்டினி

காளையின் இடது விலாவுக்குப் பின்னால் ஒரு கை புதைகிற அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

நோலீன் வண்டிப் பலகை இடுக்கு வழியாக அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆஸ்திரேலியாவில், கிப்ஸ்லாந்தின் அந்தச் சின்ன இறைச்சிக்கூடத்தில் வாசல் பட்டி அவள் பொறுப்பு. அவள் தலையசைக்காமல் ஒரு மாடும் உள்ளே போகாது.

“கடைசியா எப்போ தின்னுச்சு, டேரில்?”

“செவ்வாய்க்கிழமை காலையில.” காளையைக் கொண்டுவந்த டேரில் பெருமையாகச் சொன்னான். “ரெண்டு நாளா வெறும் தண்ணிதான். வயிறு காலி. நேத்து தேய்ச்சுக் குளிப்பாட்டினேன் பாரு, என் கல்யாணத்துக்குக்கூட நான் அப்படிக் குளிச்சதில்ல.”

“தெரியும். விருந்துக்கு வந்து உன் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டவ நான்.”

சிரித்தாளே தவிர, கதவின் கொண்டியில் கை வைக்கவில்லை.

அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பாதிப்பேர் செய்கிற தப்புதான். வெட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் தீனியை நிறுத்தலாம். அதற்கு மேல் போனால் பட்டினி. பட்டினி கிடக்கும் குடலில் கெட்ட கிருமி கூடிப்போகும். கத்தி கொஞ்சம் தவறிக் குடலில் பட்டால் கறி அவ்வளவும் பாழ்.

“இன்னிக்கு வெட்ட மாட்டோம். புல்லு போட்டு ஓய்வா விடு. திங்கட்கிழமை பார்க்கலாம்.”

டேரிலின் முகம் சிவந்தது. “சனிக்கிழமை விருந்து, நோலீன்! மெல்பர்ன்லேருந்து பதினோரு நர்சுங்க வர்றாங்க!”

அவளுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் மகள் பில்லிக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயின. அப்போது அவளுக்கு நாலு வயசு. கறியில் வந்த கிருமி என்றார்கள். இருபத்தாறு நாள் அந்த நர்சுகள்தான் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிப் பிள்ளையை மீட்டார்கள். போன மாதம்தான் டாக்டர், “இனி நீ இங்கே வர வேண்டாம்” என்று பில்லியின் கையைக் குலுக்கி அனுப்பினார்.

“கடையில கறி வாங்கிக்கோ.”

“அவங்களுக்குப் போய்க் கடைக்கறியா? மந்தையிலேயே இதுதான் நல்ல காளை.”

“இவ்வளவு அவசரம்னா வீட்டுக் கொட்டகையிலயே வெட்டிக்க வேண்டியதுதானே? உங்க ரோட்டுல எல்லாரும் அப்படித்தானே செய்றீங்க. என் உயிரை ஏன் வாங்குறே?”

கேலியாகத்தான் சொன்னாள்.

டேரில் தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டான்.

பிறகு வண்டியின் பின்கதவை இறக்கி, காளையைத் தானே மெதுவாகப் பட்டிக்குள் நடத்திப் போனான். புல்கட்டு ஒன்றைத் தோளில் தூக்கி வந்து பிரித்துப் போட்டான். காளை மூச்சுவிடாமல் தின்றது.

இருவரும் கம்பியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நர்சுங்களுக்கு மீன் பொரிச்சுப் போட்டுடறேன்.”

“என் மேல கோபமா?”

“இல்ல. ரொம்ப நன்றி, நோலீன்.”

“வெட்ட மாட்டேன்னு சொன்னதுக்கா நன்றி?”

அவன் காளையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“மூணு வருஷம் முன்னால எங்க கொட்டகையில நான் கத்தியை எடுத்தப்போ, அதைச் சொல்ல யாரும் இல்ல.”