புதிதாகக் குடிவந்தவர்

ஒன்பது வாரமாக அந்த மனிதர் இந்த ஊருக்குப் புதிதாகக் குடிவந்துகொண்டே இருந்தார்.

ஊருக்குப் புதிதாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பூங்காவைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. சனிக்கிழமை மாலை, கட்டணம் கிடையாது. மற்றவர்கள் ஒருமுறை வருவார்கள், வழி தெரிந்துகொள்வார்கள், பிறகு தாங்களாகவே வந்து போவார்கள். இவர் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு வாராவாரம் வாசலில் நின்றார்.

“வந்துட்டாரு பாரு உன் ஆளு” என்றார் ஏஜென்சியிலிருந்து புதிதாக வந்திருந்த காவலாளி. “பாப்பா, அவர் பூங்காவைப் பார்க்க வரல. உன்னைப் பார்க்க வர்றாரு.”

“சும்மா இருங்கண்ணே. அப்பா வயசு அவருக்கு.”

“அந்த வயசுலதான் அதிகமா வழிவானுங்க. இனிமே வராதீங்கன்னு இன்னிக்குச் சொல்லிடு. இல்லேன்னா நான் என் பாஷையில சொல்றேன்.”

காவலாளியின் பாஷை எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். “நானே சொல்லிக்கறேன்” என்றாள்.

நாலு பேருக்கு முன்னால் பேசுவதென்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முன்பு இந்த வேலையில் இருந்த அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். “நான் சொல்றதை அப்படியே சொல்லு. பயம் போனப்புறம் உன் இஷ்டத்துக்கு மாத்திக்கோ” என்றாள். ஒரு மாதம் அக்காவின் பின்னாலேயே நடந்து, எங்கே மூச்சு வாங்குவது என்பது வரைக்கும் இவள் மனப்பாடம் செய்தாள். அக்கா உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டுப் போனாள். இப்போது எங்கே இருக்கிறாள் என்று யாரிடமும் கேட்கக்கூட இவளுக்குக் கூச்சம்.

இன்றைக்குக் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு தம்பதி, ஒரே அறையில் தங்கியிருக்கும் மூன்று இளைஞர்கள், கடைசியாக அவர். சவுக்குத் தோப்பு, வாடகை சைக்கிள் நிறுத்துமிடம், சறுக்குமரம் என்று ஊர்வலம் நகர்ந்தது.

“பச்சைக் கொடின்னா குளிக்கலாம். சிவப்புக் கொடின்னா காலைக்கூட நனைக்காதீங்க. கடல் வா வான்னு கூப்பிடும். கடன் கேட்கிற சொந்தக்காரரை மாதிரி நெனைச்சு, காதுல விழாத மாதிரி வந்துடுங்க.”

இளைஞர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவள் பேசும்போதெல்லாம் அவர் அப்படித்தான். அவள் பேச்சை நிறுத்தியதும் திறப்பார்.

அலைத் தடுப்புக் கற்களுக்குப் பக்கத்தில் இருந்த மர பெஞ்சோடு சுற்று முடியும். அங்கே வழக்கமாக அவள் சொல்வது ஒன்று உண்டு. “இந்த பெஞ்சுல உக்காந்தா எங்க வீட்டுக்காரர் அஞ்சு நிமிஷத்துல குறட்டை விட ஆரம்பிச்சுடுவாரு. நான் எழுப்பலேன்னா, விடியக்காலம் மீன்காரங்க வந்துதான் எழுப்பணும்.”

“இல்லாத வீட்டுக்காரரை இன்னும் எத்தனை வாரம் தூங்க வைக்கப் போற?” என்று காவலாளி கேலி செய்வார். அவளுக்கோ அது ஒரு வேலியாகத் தோன்றியது. கல்யாணம் ஆனவள் என்று நினைத்தால் யாரும் நெருங்கமாட்டார்கள்.

ஆனால் அந்த இடத்தில் மட்டும்தான் அவர் சிரிப்பார். கண்ணை மூடியபடி, இது பொய் என்று எனக்குத் தெரியும் என்பதைப் போல. அவளுக்கு உடம்பு கூசும்.

இன்று அவள் அதைச் சொல்லவில்லை. “அவ்வளவுதாங்க. அடிக்கடி வாங்க” என்று முடித்துவிட்டாள். அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

எல்லோரும் கலைந்தார்கள். அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் காவலாளி கைத்தடியோடு எழுந்து நிற்பது தெரிந்தது. அவள் வேகமாக அருகே போனாள்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது ஊருக்குப் புதுசா வர்றவங்களுக்கு. அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க வர வேணாம்.”

எதிர்த்துப் பேசுவார் என்று நினைத்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். எழுந்திருக்கக் கையை ஊன்றியவர், எழாமல் அப்படியே இருந்தார்.

“சரிம்மா. தொந்தரவு பண்ணிட்டேன்.” ஊன்றிய கையை எடுத்துக்கொண்டார். “கடைசியா ஒண்ணு கேட்கலாமா? இன்னிக்கு அந்த பெஞ்சுக் கதையை விட்டுட்டீங்க. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை சொல்லிடுங்களேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

“அது பொய் சார். எனக்குக் கல்யாணமே ஆகல. வீட்டுக்காரரும் இல்ல, குறட்டையும் இல்ல. எனக்கு முன்னாடி இங்க இருந்த அக்கா சொன்னதை அப்படியே ஒப்பிச்சேன். போதுமா?”

“தெரியும்மா” என்றார் அவர். பெஞ்சின் பலகையை, தனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை, உள்ளங்கையால் மெல்லத் தடவினார்.

“குறட்டை விட்டது நான்தான். எழுப்புறவதான் போயிட்டா.”