ஒரு முழ இடம்

ஊர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் மெஷின் வாங்க நன்கொடை திரட்டுவதற்காக, ஜெசிந்தா தன்னந்தனியாகத் துடுப்புப் போட்டுப் பெருங்கடலைக் கடக்கப் போகிறாள். பாரம் கூடினால் கை ஓய்ந்துவிடும் என்று பல் பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக நறுக்கி எறிந்தவள் அவள். ஆனால் ஒத்திகைக்காகக் கழிமுகத்தில் இறக்கிய படகு, உள்ளே அவள் படுக்கும்போதெல்லாம் இடப்பக்கமாகச் சாய்ந்தது. படகு கட்டிக்கொடுத்த ஓடாவி சாப்பாட்டுப் பொட்டலங்களை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தும் அது நிமிர்வதாக இல்லை. கடைசியில் அவள் கணவன் லிகோரி, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய், படுக்கும் அறையின் சின்னக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். ஓர் ஆள் புரண்டு படுக்கவே திணற வேண்டிய அந்தப் பொந்துக்குள், அவள் இடது சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். வலப்பக்கம் ஒரு முழ இடம் சும்மா கிடந்தது.

"ஏட்டி, நடுவுல படுத்தா என்ன?"

"நடுவுலதான படுத்திருக்கேன்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

லிகோரி சின்னக் கதவை மெதுவாகச் சாத்தினான். வீட்டுக் கட்டிலில் அந்த வலப்பக்கம் அவனுடையது. மறுநாள் ஒரு ரப்பர் பையில் தண்ணீர் நிரப்பி, தான் இடுப்பில் கட்டிப் பழசான சாரத்தை அதன்மேல் சுற்றி, அந்த இடத்தில் கொண்டுபோய்க் கிடத்தினான். அவள் படுத்தபோது படகு நேராக நின்றது.

"எதுக்குய்யா இந்த வேண்டாத பாரம்?" என்று ஓடாவி கரையிலிருந்து சத்தம் போட்டார்.

ஜெசிந்தா பையை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள்.

"இது காணாது" என்றாள் லிகோரியிடம். "இன்னுங் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. நீங்க இவ்ளோ லேசுல்லாம் கிடையாது."