இருவரும் ஒருவரா?

“கமலாசனி, அந்த ஒண்டை மட்டும் ஏன் அழுத்தாமல் வச்சிருக்கிறீர்?”

மேலதிகாரி தம்பிராஜா கேட்டேவிட்டார். கமலாசனி கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

“பின்னேரத்துக்குள்ள முடிச்சிடுவன் சேர்.”

“திங்கட்கிழமை எல்லாம் இன்டர்நெட்டில ஏறுது. பிறகு ஆரும் தேடிப் பாக்கலாம்.”

கண்டியில், ஒரு துணிக்கடையின் மேல்மாடி. யுத்தத்தில் காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகம். முகாம், ஆஸ்பத்திரி, பிண அறை என்று பல இடத்துப் பட்டியல்கள். யார் பெற்ற மகன், எந்த ஊர், எங்கே தழும்பு என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்துவிட்டால், கம்ப்யூட்டரே இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் வைத்து, ‘இருவரும் ஒருவரா?’ என்று கேட்கும். ‘ஓம்’ என்று அழுத்துவதுதான் அவள் வேலை. இரண்டு வருடமாக அழுத்தி மனசு விட்டுப்போயிருந்தது.

இந்த ஒன்றை மட்டும் எட்டு மாதமாக அழுத்த முடியவில்லை. ஒரு பக்கம் மங்களேஸ்வரியின் மகன் திருச்செல்வம். மறுபக்கம் பிண அறையின் பழைய பட்டியலில் பெயர் தெரியாத உடல். தோளில் அதே தீக்காயத் தழும்பு, கழுத்தில் அதே தாயத்து.

மகனைப் பற்றி விசாரிக்க மங்களேஸ்வரி புதன்கிழமை தவறாமல் பிலிமத்தலாவையிலிருந்து பஸ்ஸில் வருவார். இன்றும் மூச்சு வாங்க வந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். கையில் ஒரு பொட்டலம்.

“வடை, பிள்ளை. சாப்பிடு.”

“என்னம்மா விசேஷம்?”

“முதல் சாப்பிடு.”

கமலாசனி ஒன்றைக் கடித்தாள். இனியும் இந்த மனுசியை ஏமாற்றினால் பாவம் என்று தோன்றியது.

“அம்மா... உங்கட மகன்ர விஷயமா ஒண்டு சொல்லவேணும்...”

மங்களேஸ்வரி சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லாதை பிள்ளை. எனக்குத் தெரியும். போன வருசமே மருமோன் பிண அறைக்குப் போய்ப் பாத்து, கொள்ளியும் வச்சிட்டு வந்தவர். நீ சாப்பிடுறது அவன்ர வருசம் முடிஞ்ச ஆட்டைத் திவசத்து வடை.”

கமலாசனி கடித்த வடையைப் பொட்டலத்தின் மேலேயே வைத்தாள்.

“அப்ப ஏனம்மா ஒவ்வொரு கிழமையும்...?”

“எல்லாரும் அவனைச் செத்தவன் எண்டு எழுதிப்போட்டினம். ‘இன்னும் தெரியேல்லை அம்மா’ எண்டு சொல்ல நீ ஒருத்திதான் இருந்தாய். அதைக் கேக்கத்தான் வாறனான். இண்டைக்கும் ஒருக்காச் சொல்லு. நான் படியிறங்கினாப் பிறகு ‘ஓம்’ எண்டு அழுத்து.”