லோர்னாவின் ஸ்கோர் நோட்டு

ஒஹாயோவின் ஆகஸ்ட் வெயில் பேஸ்பால் மைதானத்து இடதுபக்கப் பெஞ்சுகளில் சாய்ந்து விழுகிறது. லோர்னாவின் மடியில் ஸ்கோர் நோட்டு. இடது மூலையில் ஆடும் கோல்பியின் பெயருக்கு நேரே அவுட், அவுட் என்றே நிறைந்திருக்கிறது. முப்பத்தோரு முறை மட்டை பிடித்தும் ஒரு நல்ல அடி விழவில்லை. இன்றும் இல்லையென்றால் நாளை அவனைக் கீழ்மட்டச் சின்ன லீக்குக்கு அனுப்பிவிடுவார்கள். "கீழ ஒரு பய வெளுத்து வாங்குறானாம். அவன் வந்தா அடுத்த வருஷம் நம்ம டீமே வேற," என்கிறார் கணவர் மெர்ல், சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பியபடி. "பத்து வருஷமா இதையேதான் சொல்றீங்க. போன வாரம் கோல்பி வேலியில மோதிப் பந்தைப் பிடிச்சானே, அந்தப் பய பிடிப்பானா?" கோல்பி மட்டையை வீசுகிறான். பந்து நொண்டிக்கொண்டு எதிரணியின் மூன்றாம் பேஸ்காரனிடம் உருள்கிறது; அவன் குனிந்து அள்ள, கையுறையிலிருந்து நழுவுகிறது. பந்து வருமுன் கோல்பி முதல் பேஸில் தலைகுப்புறப் பாய்கிறான், மார்பெல்லாம் செம்மண். பெஞ்சுகள் எழுந்து கூவுகின்றன. ஸ்கோர் பலகையில் விளக்கு எரிகிறது: பிழை. எதிராளி நழுவவிட்டது, கோல்பியின் பெயரில் சேராது. கூச்சல் அப்படியே அடங்குகிறது. இருபது வருடத்தில் ஒருநாளும் பலகையை மீறி எழுதாத லோர்னா, பென்சிலை அழுத்தி 'அடி' என்று எழுதுகிறாள். "ஏய், பிழைன்னுல்ல போட்டிருக்கான்?" "அது அவன் பலகை. இது என் நோட்டு." மெர்ல் அவள் பக்கத்தில் கிடக்கும் ரப்பரை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்.