யானை விழுந்த அட்டை

லூர்துராணி டீச்சர் அந்த டப்பாவுக்குள் எதையோ ஊற்றுவதைச் சகாயம்மாள் தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டாள்.

வாழை மறைவில் நின்றபடியே மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பாத்தியா கிளமென்ட்? தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டுப் போறா."

அவன் எட்டிப் பார்ப்பதற்குள் டீச்சரும் அவள் மகன் தைரியராஜும் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கரையோடு ஓடிவிட்டார்கள்.

எல்லாம் பங்குப் பள்ளிக்கூடத்தில் போட்ட பொம்மைப் படத்தால் வந்தது. அணில், ஆமை, நாரை, நண்டு, யானை என்று வரைந்த பிராணிகள் ஐந்து, ஆடிப் பாடி ஓர் ஆற்றைத் தாண்டுகிற கதை. பெரியவர்கள்கூட ஒரு வாரமாய் யானை மாதிரிப் பேசிக்கொண்டு திரிந்தார்கள்.

பங்கு விளையாட்டுகளை நடத்தும் இன்னாசிராஜ் சும்மா இருப்பானா? பழைய ரப்பர் செருப்பில் அந்தப் பிராணிகளைச் செதுக்கி அச்சாக்கினான். ஊதா மையில் நனைத்த பஞ்சோடு பிஸ்கட் டப்பாவுக்கு ஒன்றாகப் போட்டு, ஸ்ரீரங்கத்துக் காவிரிக் கரையில் அம்மா மண்டபத்திலிருந்து மேலூர் வரைக்கும் ஒளித்து வைத்துவிட்டான். ஒரு டப்பாவைக் கண்டுபிடித்தால் அதற்குள் அடுத்த டப்பாவுக்குத் துப்பு இருக்கும். ஐந்து பிராணியையும் அட்டையில் குத்திக்கொண்டு முதலில் திரும்பி வரவேண்டும். ஒரு டப்பாவில் ஒரு குத்துதான். மறுகுத்து குத்தினால் அட்டை செல்லாது.

ஜெயிக்கிற வீட்டுக்கு மாதா திருவிழாக் கொடியைச் சுமக்கும் பாக்கியம் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார்.

அதுதான் சகாயம்மாளைச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓட வைத்தது. போன வருஷம் சீனாக்காரன் சண்டையில் கிளமென்ட் எல்லையில் நின்றபோது, அவன் உயிரோடு வந்தால் கொடியை அவன் தோளில் சுமக்க வைப்பதாக மாதாவிடம் நேர்ந்திருந்தாள். பிள்ளை வந்துவிட்டான். கொடிதான் வரவில்லை. அதை டீச்சர் வீட்டார் வழிவழியாய்ச் சுமந்து வந்தார்கள்.

இன்றைக்கு அணில் முதல் நண்டு வரைக்கும் சகாயம்மாள்தான் முன்னால். நண்டு டப்பாவில் இருந்த துப்புதான் காலை வாரியது. 'கோயிலைப் பார்த்து நில். இடது கைப்பக்கம் முதல் தென்னை.'

அக்கரையில் மாதா கோயில் கோபுரம் தெரிந்தது. அதைப் பார்த்து நின்று, இடது பக்கத் தென்னையைச் சுற்றிச் சுற்றி மண்ணைக் கிளறினார்கள். ஒன்றும் இல்லை. தோட்டத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்த ரங்கநாயகி துப்பைக் கேட்டுச் சிரித்தாள்.

"இந்தக் கரையில கோயில்னா ஒரே கோயில்தாங்க. திரும்பி நில்லுங்க."

திரும்பினால் ரெங்கநாதர் கோயில் மொட்டைக் கோபுரம். இன்னாசிராஜ் ஸ்ரீரங்கத்திலேயே வளர்ந்த பிள்ளை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குள் டீச்சர் முந்திக்கொண்டாள். முந்தினதுமில்லாமல், வெட்ட வெயிலில் இருந்த அந்தக் கடைசி டப்பாவில் எதையோ ஊற்றியும் விட்டாள்.

சகாயம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். பஞ்சு சொதசொதவென்று ஈரமாய் இருந்தது.

"ஒரே குத்தும்மா. நேரா பிடிங்க" என்றான் கிளமென்ட்.

குத்தினாள். தும்பிக்கை முதல் வால் வரைக்கும் நீலமாய், பளிச்சென்று யானை விழுந்தது.

"மாதா கைவிடலைடா. ஓடு" என்றாள்.

அம்மா மண்டபத்துப் படித்துறையில் டீச்சர் முதல் ஆளாக அட்டையைக் கொடுத்துவிட்டு நின்றாள். ஊற்றின கதையைச் சாமியாரிடம் சொல்லியே தீருவது என்று சகாயம்மாள் மூச்சு வாங்க மேலே ஏறினாள்.

சாமியார் டீச்சரின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலும் இருக்கு. யானையைக் காணோமே டீச்சர்? வெறும் தடந்தான் இருக்கு."

"பஞ்சு வெயில்ல காஞ்சு போயிருந்துச்சு சாமி. ஒரு குத்துதானே, குத்திட்டேன்."

சகாயம்மாள் தன் அட்டையை நீட்டினாள். ஐந்தும் இருந்தன. சாமியார் கிளமென்டின் தோளைத் தட்டி, கொடி உனக்குத்தான் என்றார். கூட்டம் கைதட்டியது. தைரியராஜ் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். சகாயம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் நின்ற பாக்கியமேரியின் காதில் போட்டாள்.

"காஞ்சிருந்துச்சாம். எனக்கு மட்டும் எப்படி விழுந்துச்சாம்? அடுத்தவ குடியக் கெடுக்கப் போனா மாதா பாத்துக்கிட்டா இருப்பா?"

சாமியார் ஒரு தாளை டீச்சரிடம் நீட்டினார்.

"பையன் பேரை நாளைக்குப் பூசையில வாசிக்கணும். உங்க கையெழுத்துதான் எனக்குக் கண்ணாடி இல்லாமப் புரியும். எழுதிக் குடுங்க."

டீச்சர் பேனாவை எடுத்து எழுதிப் பார்த்தாள். உதறிப் பார்த்தாள். தாளில் கீறல்தான் விழுந்தது.

"யாராச்சும் பேனா குடுங்க" என்றாள் சிரித்துக்கொண்டே. "காலையிலதான் நிரப்பினேன். இப்ப சொட்டு மை இல்லை."

சகாயம்மாள் தன் அட்டையைப் பார்த்தாள். நாலு பிராணியும் ஊதா. யானை மட்டும் பேனா மை நீலம்.